யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருக்கக் கட்டுப்படியாகுமா?

17.08.2025 (ஒரு வாசகரின் கேள்வி)

அண்ணை, நான் கோண்டாவில். வேலைக்குப் போய்வர மோட்டார்சைக்கிள் இருக்கிறது. மொறிஸ் மைனர் என்ற அந்தப் பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று வாங்க வேண்டுமென்று சின்ன வயதிலிருந்தே ஆசை. வீட்டில் எல்லோரும் சுசுகி அல்ரோ வாங்கு, பழைய கார் பெற்றோல் குடித்தே உன்னைக் கடனாளி ஆக்கும் என்கிறார்கள். உண்மையில் என்ன செலவாகும்?

18.08.2025

பெற்றோலுக்குப் பயப்படாதீர்கள் தம்பி. கணக்கைப் போட்டே பார்ப்போம். என்னிடம் இருப்பது 948 சிசி மைனர் 1000. நகரம், கே.கே.எஸ். வீதி, இடைக்கிடை சாவகச்சேரி என்று ஓடினால் லீற்றருக்குப் பதினொரு கிலோமீற்றர் அளவில் தரும். 2025 ஓகஸ்டில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் முன்னூறு ரூபாயைச் சுற்றி நின்றது, அப்படியென்றால் கிலோமீற்றருக்கு 27 ரூபாய். லீற்றருக்கு இருபது தரும் ஒரு புதிய சின்னக் காருக்கு 15 ரூபாய். மாதம் 300 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 3,600 ரூபாய் சொச்சம். காசில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு மனிதனைக் கடனாளி ஆக்கும் தொகை அது இல்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்த பிறகு புதிய கார்களுக்குச் சொல்கிற விலையையும் வரியையும் பார்த்தீர்கள்தானே, அந்த வித்தியாசத்துக்கு எத்தனை வருடம் பெற்றோல் அடிக்கலாம் என்று வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

செலவு வருவது வேறு இடத்திலிருந்து. ஓடாமல் நிற்கும் மைனர்தான் காசைத் தின்னும். ஓடுகிற மைனர் அப்படியில்லை.

18.08.2025, இரவு

மேலே சொன்னதை விளக்கமாக எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு மைனரை ஒரு வருடம் போர்ச்சுக்குள் நிறுத்தி வையுங்கள், என்ன நடக்கும்? பிறேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், சில்லுகளுக்குள் இருக்கும் பிறேக் சிலிண்டர்களில் கறள் பிடிக்கும், றப்பர் சீல்கள் வெடிக்கும். பிறேக்கை மிதித்தால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் மைனரில் ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத்தகட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றரின் கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் காய்ந்து பிசினாகும். மின்சாரப் பெற்றோல் பம்பின் பொயின்ற் கறுத்துப்போய் அடிக்காது. கிளச் பிளேற் பிளைவீலில் ஒட்டிக்கொள்ளும். ரயர் ஒரு பக்கம் தட்டையாகும். இவ்வளவும் கார் ஒரு அடிகூட ஓடாமல் வருகிற செலவு. கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த நிலத்தில் இருக்கிறோம், உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் தெரியும்தானே.

வெளிநாட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் உறவினருக்காகக் கார் காத்து வைத்திருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. அந்தக் கார்களைப் பார்க்க எனக்கு உண்மையாகவே மனம் நோகும். யாரிடமாவது திறப்பைக் கொடுத்து வாரத்தில் ஒரு நாள் என்றாலும் ஓடவிடுங்கள். வெறுமனே ஸ்ராட் செய்து ஐந்து நிமிடம் இரையவிட்டு நிற்பாட்டுவது இன்னும் கேடு. சூடு ஏறாத என்ஜினுக்குள் நீர் படிந்து ஒயிலோடு கலக்கும், சைலன்சர் உள்ளிருந்தே உக்கும். ஓட வேண்டும், நன்றாகச் சூடேறும்வரை.

24.08.2025

95 ஒக்டேன் அடித்தால்தான் பழைய என்ஜின் நிற்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்ள முடியாது. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பதுதான் அமுக்க விகிதம், அது கூடினால்தான் கூடிய ஒக்டேன் வேண்டும். 948 என்ஜினுக்கு அது 8.3, இன்னும் தாழ்ந்த 7.2 வகையும் வந்தது. 1962க்குப் பிறகு வந்த 1098 என்ஜினுக்கே 8.5தான். இவற்றுக்கு 92 தாராளம். ஏற்றத்தில் கிணிகிணி என்று தட்டினால் முதலில் ரைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பாருங்கள், பிறகு என்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் கரி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய என்ஜினுக்கு இருக்கிற உண்மையான கவலை ஈயம். 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதுவரை அந்த ஈயம் எக்ஸோஸ்ற் வால்வுக்கும் அது அமரும் இடத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய படையாக இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. இப்போது அது இல்லை. வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஆனால் இது பெருந்தெருவில் மணிக்கணக்காக விரட்டும் கார்களில்தான் விரைவாக நடக்கும், யாழ்ப்பாணத்து வேகத்தில் மெதுவாகத்தான் போகும். அடையாளம் ரப்பற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி: 12 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு) வைத்தால் அது தானாகக் குறைந்துகொண்டே வரும். அப்படி அடிக்கடி குறைந்தால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கடின உலோக வளையம் போடுங்கள். ஒருமுறைச் செலவு, அதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

25.08.2025

ரப்பற் இடைவெளியை நாமே வைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஆம், நீங்களே வைக்கலாம். ஒன்பதுக் கணக்கு: எட்டு வால்வில் முதலாவது முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை வையுங்கள், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும். முன்னுக்குச் சாவிக்கம்பி போட்டு என்ஜினைக் கையால் சுற்றலாம்.

07.09.2025

இவ்வளவு செலவும் பழுதும் பேசிவிட்டு ஏன் வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

காலையில் திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடிக்கும், கிண்ணம் நிறைந்ததும் நிற்கும். அந்தச் சத்தமே ஒரு வைத்தியன் நாடி பார்ப்பது போன்றது: நிற்காமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது எங்கேயோ ஒழுகுகிறது, அடிக்கவே இல்லையென்றால் பொயின்ற் ஒட்டியிருக்கிறது. முதலாம் கியருக்குப் பற்களின் வேகத்தைத் தானே பொருத்தும் ஒத்திசைவு இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போது முரட்டுத்தனமாகப் போட்டால் பல் கரகரக்கும். கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் அக்சிலரேற்றரைக் கொஞ்சம் தட்டி, வேகம் பொருந்தியதும் அது வெண்ணெய்க்குள் போகிற மாதிரி விழும். விழும்போது கையில் தெரியும். இந்த ஒரு சந்தோசத்துக்காகவே நான் சந்திகளில் முதலாம் கியருக்கு இறங்குவதுண்டு.

பிறகு அந்த ஸ்ரியறிங். 1948இலேயே இந்தச் சின்னக் காருக்குப் பல்லுச்சட்டமும் பல்லுச்சில்லும் நேரே பொருந்தும் றாக் அன் பினியன் வைத்தார்கள், அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பு. பின்னாளில் மினியையும் வடிவமைத்தவர் அவர்தான். சக்கரத்தைத் திருப்புகிற அளவுக்கு மூக்கு திரும்பும், நடுவில் ஒரு சோம்பல் இல்லை. நாவற்குழிப் பாலம் தாண்டி கைதடிப் பக்கம் வெளித்துப்போகிற வீதியில் கதவின் முன்மூலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திறந்து வயல்காற்றை உள்ளே விட்டு, அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால், பின்னாலிருந்து சைலன்சர் புர்ர்ர் என்று ஒரு சத்தம் போடும். மைனர் வைத்திருந்த எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை. 37 குதிரைவலுதான், அம்பது மைல் வேகமே ஒரு காரியம். ஆனால் அந்த அம்பதில் நீங்கள் முழுக்க விழித்திருப்பீர்கள், கையும் காலும் காதும் வேலை செய்யும். புதிய கார் நல்ல கார்தான், அதில் நான் பயணி. இதில் ஓட்டுநர்.

21.09.2025

தொண்ணூறுகளில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உண்மையா என்று கனடாவில் பிறந்த ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார். உண்மை மகள். நேரில் பார்த்தவன், அதன் புகையை மூக்கால் அறிந்தவன்.

1990 யூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் குடாநாட்டுக்கு வராது. கள்ளமாக வந்ததைச் சின்னப் போத்தல்களில் விற்றார்கள், விலை கேட்டால் தலை சுற்றும். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடுதான், ஆனால் பெற்றோல் போல அடியோடு இல்லாமல் போகவில்லை. அந்தக் காலத்தில் புத்தம்புதிய ஜப்பான் கார்கள் நின்றுபோக, ஒஸ்ரின் ஏ 40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் என்று தாத்தா வயதுக் கார்கள் ஓடின. காரணம் இரக்கமோ அதிசயமோ இல்லை, பொறியியல்தான். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவு, அமுக்க விகிதம் கூடிய என்ஜினில் போட்டால் தட்டித் தட்டியே பிஸ்டனை உடைக்கும். பழைய என்ஜின்களின் விகிதம் தாழ்வு, ரைமிங்கைக் கையால் பின்தள்ளலாம், கார்புரேற்றர் திறந்து பார்க்கக்கூடிய ஒரு எளிய சாமான். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது, அதனால் ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் கார்புரேற்றர் வாய்க்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெயில் இழுத்துக்கொள்ளும். பின்னால் வெள்ளைப் புகை, கண் எரியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக வழிந்து ஒயிலோடு கலக்கும், அளவுகோலை எடுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும், ஆனால் தொட்டால் தண்ணீர் மாதிரி. அடிக்கடி மாற்றாவிட்டால் பெயாரிங் போய்விடும், மாற்ற ஒயிலும் இல்லை.

நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இந்தக் கார்கள்தான், பிள்ளைப்பேற்றுக்கு ஏற்றிப்போனதும் இவைதான். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பக்கம் நகர்ந்த அந்தச் சனத்துக்குள், கூரையில் பாயும் பெட்டியும் கட்டி, உள்ளே கிழவர்களையும் குழந்தைகளையும் அடைத்தபடி ஊர்ந்த ஏ 40களை என் தலைமுறை மறக்காது. ஆகவே ஒருவர் இவற்றைப் பழைய இரும்பு என்று சொன்னால் நான் விவாதம் செய்வதில்லை, எழுந்து போய்விடுவேன்.

22.09.2025

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்ப்பு. மண்ணெண்ணெய் வேலை யாழ்ப்பாணத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொன்னவருக்கு: துணிச்சலும் கைவண்ணமும் எங்கள் ஆட்களுடையது, முறை அதற்கு முந்தியது. பெர்குசன் உழவு இயந்திரத்திலேயே மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஒரு எண்ணெயில் ஓடும் வகை இருந்தது. பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியபின் குழாயைத் திருப்பி அந்த எண்ணெய்க்கு மாற்றுவார்கள்.

2022 தட்டுப்பாட்டின்போதும் இதே கேள்வி வந்தது, மண்ணெண்ணெய் விடலாமா என்று. யூனில் 92 ஒக்டேன் 470 ரூபாய், கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், பெற்றோல் நிலையத்தில் விடிய விடிய வரிசை. விட வேண்டாம் என்றுதான் அப்போதும் சொன்னேன். ஓகஸ்டில் மண்ணெண்ணெயே 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது, அதோடு அந்தப் பேச்சும் நின்றது. வாரம் 20 லீற்றரில் மைனர் 220 கிலோமீற்றர் போகும். எனக்கு அது போதுமாக இருந்தது.

05.10.2025

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளைப் படை தெரியும். அதே படை என்ஜின் புளொக்குக்குள்ளும் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். பிறகு யாழ்ப்பாண வெயிலில் கே.கே.எஸ். வீதி நெரிசலுக்குள் என்ஜின் சூடு ஏறத் தொடங்கும், ஆட்கள் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் சரியில்லை என்று கழற்றி எறிவார்கள். குற்றம் தண்ணீரில் இருக்கிறது. மாரியில் பிடித்த மழைநீர், இல்லாவிட்டால் பற்றறிக்கு விடும் வடித்த நீர், அதோடு கூலன்ற். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கு நான் ஒரே ஒரு புத்தி சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பற்றறி என்றதும் இன்னொன்று. பழைய மைனர்களில் பொசிற்றிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. தெரியாமல் றேடியோவோ போன் சார்ஜரோ பொருத்தினால் அது எரியும், சிலவேளை வயரிங்கும் சேர்ந்து. வேலை செய்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

19.10.2025

மழை வரப்போகிறது, ஆகவே கிறீஸ். முன்பு செலவு என்று பிறேக்கையும் கார்புரேற்றரையும் முன்னுக்கு வைத்து எழுதியிருந்தேன், இன்று வரிசையை மாற்றுகிறேன். முதலிடம் ட்றனியனுக்கு. முன்சில்லைத் தாங்கித் திரும்புகிற மரையாணி மூட்டு அது, மேலும் கீழும் ஒவ்வொன்று. கிறீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் சில்லு மட்காட்டுக்குள் மடங்கி, கார் மூக்கால் வீதியில் குந்தும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும், ஆனால் வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, ஜக்கில் உயர்த்திச் சில்லு தொங்கும்போது அடியுங்கள், அப்போதுதான் கிறீஸ் மரையின் இரண்டு பக்கமும் போகும். கிறீஸ் அடிக்கும் ஒரு சின்ன முனையின் விலைக்கும் ஒரு உயிருக்கும் நடுவில் இருப்பது உங்கள் பொறுமை மட்டும்.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடியைக் கழுவுங்கள். வேலணை, குறிகட்டுவான் எல்லாம் இதற்குள் அடக்கம், பொன்னாலைப் பாலத்தால் காரைநகர் போய்வந்தாலும் அப்படித்தான். வெள்ளத்துக்குள் இறங்கினால் நான்கு சில்லும் டிரம் பிறேக் என்பதை நினைவில் வையுங்கள். நனைந்தால் பிடிக்காது, அல்லது ஒரு பக்கம் இழுக்கும். வெளியே வந்ததும் மெதுவாகப் போய்க்கொண்டே பிறேக்கை இலேசாக மிதித்துக் காயவிடுங்கள்.

புகைச்சோதனை பற்றிக் கேட்டவருக்கு: போகிறதற்கு முன் காரை நன்றாக ஓட்டிச் சூடேற்றுங்கள். கார்புரேற்றரின் பிஸ்டனைச் சின்ன ஊசியால் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், தடுமாறி நின்றுபோனால் குறைவு, கொஞ்சம் கூடித் திரும்ப இறங்கினால் சரி.

02.11.2025

மைனரா ஏ 40 சோமர்செட்டா என்று இங்கே ஒரு சண்டையே நடந்துவிட்டது, நான் ஊரில் இல்லாதபடியால் தப்பினேன். சோமர்செட் 1952 முதல் 1954 வரை வந்தது, 1200 சிசி, உடலிலிருந்து தனியான அடிச்சட்டம் (சசி), ஸ்ரியறிங்கோடு கியர்ப் பொல்லு, முன்னால் மூன்று பேர் இருக்கலாம். உருண்டை அழகு, ஹயர் ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. ஆனால் மைனரைவிடக் கூடக் குடிக்கும், உதிரிப்பாகமும் மைனருக்குக் கிடைக்கிற மாதிரிக் கிடையாது. மைனர் 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார், பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார், இங்கிலாந்தில் இன்றும் அதற்குப் புதிய பாகம் செய்து விற்கிறார்கள். ஒருகாலத்தில் அங்குள்ள மைனர்களுக்கான தகடுகளே இலங்கையில் அடிக்கப்பட்டு ஏற்றுமதியாகின. முதல் கார் என்றால் மைனர். சோமர்செட் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் காரில் ஏறிக் கலியாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பாகம் கிடைக்கும் என்றால் உடனே கிடைக்கும் என்று அர்த்தம் இல்லை. கொழும்பில் தேட வேண்டும், அல்லது வெளியிலிருந்து வருகிற ஒருவரின் பெட்டிக்குள் இடம் பிடிக்க வேண்டும். காத்திருக்கும் நாட்களில் கார் நிற்கும், நீங்கள் மோட்டார்சைக்கிளில் போவீர்கள். அதனால்தான் தம்பி, உங்களிடம் மோட்டார்சைக்கிள் இருக்கிறது என்று எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. மைனரை மட்டும் நம்பி வேலைக்குப் போகிறவருக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன். 14 அங்குலச் சில்லுக்கு ஏற்ற மெல்லிய ரயருக்கும் இதே கதை, கடையில் இருப்பது பெரும்பாலும் அகலம். கிடைக்கிறபோது ஐந்தாக எடுத்து வையுங்கள்.

08.11.2025

சுன்னாகத்தில் ஒரு மைனர் விலைக்கு நிற்கிறது, ஞாயிறு பார்க்கப் போகிறேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. விற்பவரிடம் முன்கூட்டியே ஸ்ராட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். கையில் ஒரு காந்தமும் ரோர்ச்சும் கொண்டு போங்கள், பழைய உடுப்பு போடுங்கள், அடியில் படுக்க வேண்டும். பெயின்ற் மினுக்கத்தைப் பார்க்கவே வேண்டாம், பின்வில் பொருந்துகிற இடம், பின்னிருக்கைக்குக் கீழே, அங்கே காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாவிட்டால் உக்கலை மறைக்கப் பசை (putty) பூசியிருக்கிறார்கள். பிறகு கதவுக்குக் கீழுள்ள உட்தகடு, ஜக் வைக்கும் இடம், முன்பக்கக் குறுக்குச் சட்டம். இவை உக்கியிருந்தால் என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் திரும்பி வந்துவிடுங்கள், என்ஜினை யாழ்ப்பாணத்தில் எவரும் செய்து தருவார்கள், உக்கிய உடலுக்குத் தகட்டு வேலை (ரிங்கரிங்) செலவு முடிவே இல்லாதது. முன்சில்லை உயர்த்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ட்றனியன் சொல்லும். றேடியேற்றர் மூடியைக் குளிராக இருக்கும்போதே திறந்து உள்ளே வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் என்ஜின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் காரோடு ஒத்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஒரு சதம் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

ஞாயிறு காலை நானும் வருகிறேன். கோண்டாவில் சந்தியில் ஏற்றிக்கொள்கிறேன், என் காரிலேயே போவோம், அப்போது நல்ல ட்றனியன் எப்படி இருக்கும் என்று கையால் தெரிந்துகொண்டு போகலாம்.